இருபத்தொரு முடிச்சு

புடவையை வெட்ட முதல் வெட்டுக்குத்தான் மனசு வர வேண்டும். அதற்கப்புறம் கத்தரிக்கோல் தானாகப் போகும். மயில்கழுத்து நிறப் புடவையைத் தரையில் விரித்து, அகலம் எவ்வளவோ அதே அளவு நீளத்துக்கு மடித்துச் சரக்கென்று வெட்டினேன். ரவிக்கைத் துண்டோடு சேர்த்து ஒரு புடவைக்கு ஐந்து சதுரம் வந்தது. இப்படி ஐந்து புடவை. ஐந்தும் என் நாத்தனார் பெரியநாயகி, தீபாவளிக்கு ஒன்று வீதம் ஐந்து வருஷமாகக் கொடுத்தவை. ஒன்றைக்கூட நான் கட்டியதில்லை.

அவளுக்குச் சின்னசேலத்தில் வசதியான வீடு. அவள் வீட்டுக்காரர் ராஜாங்கம் தானிய மண்டி வைத்திருக்கிறார். விசேஷத்துக்கு விசேஷம் அங்கே புடவை குவியும். குவிந்ததில் தனக்குப் பிடிக்காததை எனக்குத் தள்ளிவிடுகிறாள் என்று முதல் வருஷமே முடிவு கட்டிவிட்டேன். வாங்கும்போது சிரித்துக்கொண்டே வாங்குவேன். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டிக்குள் போட்டு அந்துருண்டை வைத்து மூடிவிடுவேன். என் பிறந்த வீட்டில் எனக்குத் தாராளமாகக் கொடுத்தனுப்பியது ரோஷம் ஒன்றைத்தான்.

அந்தப் புடவைகளைத்தான் இப்போது அவள் வீட்டுச் சீருக்கே வெட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் மகள் இனியா வயசுக்கு வந்திருந்தாள். வைகாசியில் சின்னசேலத்தில் மண்டபம் பிடித்துச் சடங்கு. தாய்மாமன் என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம். தாய்மாமன் சீர் என்றால் தெரியாதவர்கள் யார்? மேளத்தோடு தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சபையில் வரிசையாக வைக்க வேண்டும். திறந்துதான் வைக்க வேண்டும். வந்தவர்கள் கழுத்தை நீட்டி எண்ணிப் பார்ப்பார்கள். என்ன பழம், என்ன பட்டு, எத்தனை தட்டு என்று சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

“அண்ணே, இருபத்தொரு தட்டுக்குக் கம்மியா வந்துடாதண்ணே,” என்று ஒரு மாதத்துக்கு முன்னால் பெரியநாயகி போனில் சொன்னாள். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். “எங்க நாத்தனா பொண்ணுக்கு நாங்க முப்பத்தொன்னு வச்சோம். அதையே சொல்லிச் சொல்லிக் கொல்றாங்க. இருபத்தொன்னு வந்தாக்கூட போதும், நான் இங்க தலநிமிந்து நின்னுடுவேன்.”

“சரிம்மா,” என்றார் இவர்.

“கரும்பு இன்னாண்ணே ஆச்சி?”

“நல்லாத்தாம்மா கீது.”

நல்லாத்தான் இருந்தது! மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். கார்த்திகை மழையில் ஆறு வயலுக்குள் வந்து, நின்ற கரும்பையெல்லாம் படுக்கவைத்துவிட்டுப் போனது. சேறு காய்வதற்குள் பாதி அழுகியது. மீதியை எலி தின்றது. மிச்சம் மீதியை வெட்டி அனுப்பினால் வெட்டுக்கூலிக்குத்தான் சரியாக இருந்தது. அன்றிலிருந்து இந்த மனுஷன் சரியாகத் தூங்குவதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை. அவரைப் பார்த்துப் பார்த்தே எனக்குச் சலித்துவிட்டது. இதைத் தங்கையிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்ல மாட்டார். அண்ணன் அல்லவா.

எவ்வளவு இழுத்துப் பார்த்தும் எங்களால் ஒன்பது தட்டுதான் முடிந்தது.

“ஒன்பதும் ஒத்தப்படைதானே. அதையே கொண்டுபோவோம்,” என்றேன்.

“ஒம்போதோட போனா அவ அந்தச் சபையில எப்டி நிப்பா கமலா?” என்றார்.

யோசனை சொன்னது மகள் மணிமொழிதான். ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவதற்காகச் சென்னையில் அந்தப் பாஷை படிக்கிறாள். லீவில் வந்திருந்தாள். அங்கே பாஷையோடு கூட, குனிவது, நிமிர்வது, துணியில் பெட்டி கட்டுவது வரைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அந்தக் கட்டுக்கு ஃபுரோஷிகி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லவே எனக்குத் தனி டியூஷன் வேண்டும்.

“அங்க யாருக்கும் எதையும் தெறந்து குடுக்க மாட்டாங்கம்மா. பெட்டில வச்சி, துணில கட்டித்தான் குடுப்பாங்க. எதிர்ல வச்சிப் பிரிக்கறதும் மரியாத இல்ல. உள்ள இன்னா கீதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

“நல்ல ஊருடி. உங்கத்தைய அங்க கட்டிக் குடுத்திருக்கலாம்,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “இருபத்தொரு பெட்டியையும் அப்டியே கட்டிடலாம். ஜப்பான் மொற, நான் அங்க போறேன், அதான் கட்டினேன்னு சொல்லிடறேன். ஒம்போதுல சாமான் இருக்கட்டும். பன்னெண்டு சும்மா இருக்கட்டும்.”

இவர் “கட்டுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து, ஒன்றுமில்லாத வயலைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைகடையாக ஏறி இறங்கிப் பெட்டி சேர்த்தது நான். துணிக்கு எங்கே போவது என்று மகள் முழித்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் நான்தான். “அத்த குடுத்த பொடவையாச்சேம்மா, கண்டுபுடிச்சுட்டா?” என்றாள். “தள்ளிவுட்டத எவ நெனப்பு வச்சிக்கினு இருக்கப் போறா,” என்று வெட்டத் தொடங்கினேன்.

இரண்டு நாள் பகல் முழுக்கக் கட்டினோம். துணியை மூலை நம் பக்கம் வருகிற மாதிரி விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, எதிரெதிர் மூலை இரண்டைப் பெட்டிமேல் போர்த்த வேண்டும். மற்ற இரண்டு மூலையையும் தூக்கி இரட்டை முடிச்சு. முடிச்சின் இரண்டு காதும் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டுமாம், நிமிர்ந்து நின்றால் தப்புக் கட்டாம். நான் கட்டியதெல்லாம் நிமிர்ந்தே நின்றது. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் விரல் நுனியெல்லாம் எரிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் கட்டி முடித்துப் பார்த்தபோது ஒன்று சொல்ல வேண்டும், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. காலிப் பெட்டி எது, நிறைபெட்டி எது என்று எனக்கே தெரியவில்லை. அதனால் காலிப் பெட்டிகளுக்கு மட்டும் முடிச்சுக்கடியில் ஓர் ஊக்கு குத்திவைத்தேன்.

“பன்னெண்டுலயும் ஆளுக்கொரு செங்கல்லு வச்சிட்டா கனமா இருக்குமில்ல?” என்று இவரிடம் கேட்டேன்.

“எந்தங்கச்சி வூட்டுக்குக் கல்லக் கட்டிக் குடுப்பனா?” என்று கத்தினார். அந்த மனுஷன் கத்தியே ஆறு மாதம் ஆகியிருந்தது. பிறகு அவரே மஞ்சள் பையை எடுத்து வந்து, ஒவ்வொரு காலிப் பெட்டியிலும் ஒரு விரலி மஞ்சள் போட்டார். வெறுமையாக எதையும் கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. அது உள்ளே உருண்டு லொடலொடத்ததால், எல்லாவற்றையும் அவிழ்த்து மஞ்சளை டேப் போட்டு ஒட்டி மறுபடியும் கட்டினோம். அந்தச் சாயங்காலம் அடுப்பு மூட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

நிறைபெட்டி ஒன்பதில் ஒன்று பெட்டியே அல்ல. கரியாலூரில் இவருடைய சிநேகிதர் சின்னராசு மலையிலிருந்து ஒரு பெரிய பலாப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். அதையும் மணிமொழி மாம்பழ மஞ்சள் சதுரத்தில் உட்காரவைத்து, முள் குத்தாமல் கைப்பிடி வைத்துக் கட்டிவிட்டாள்.

காலையில் ஒரு குட்டியானை வண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். தெருக்காரப் பெண்கள் ஏழு பேர் சீர் தூக்குவதற்காக இன்னொரு வண்டியில் வந்தார்கள். கள்ளக்குறிச்சி தாண்டியதும் வலது பக்கம் கல்வராயன் மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நான் மலையைப் பார்க்கவில்லை, பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பந்தல் வழியை அடைத்திருந்ததால் வண்டி சாலையிலேயே நின்றது. அங்கிருந்து மண்டபத்துக்கு நூறு நூற்றைம்பது அடி இருக்கும். திட்டம் என்னவென்றால், ஏழு பெண்களும் ஆளுக்கொரு நிறைபெட்டி. மணிமொழி ஒன்று. பலாப்பழம் இவர் தோளில். அவர்கள் உள்ளே போனதும், மேளச் சத்தத்தில் யாரும் கவனிக்காதபோது நானும் மகளும் கைக்கு இரண்டாகக் காலிப் பெட்டிகளைக் கொண்டுபோய்ப் பின்னால் அடுக்கிவிடுவது.

முதல் பாதி சரியாகத்தான் நடந்தது. ஆலத்தி சுற்றினார்கள். ஒன்பதும் மேடைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தன. பெரியநாயகி பட்டுப்புடவையில் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து “வாங்கண்ணி” என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. அவள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள். ஒரு துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நெனப்பு வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

“இதின்னாம்மா, மூட்டையும் முடிச்சுமா?” என்று ஒரு குரல் வந்தது. அஞ்சலாட்சி. பெரியநாயகியின் நாத்தனார். அந்த முப்பத்தொரு தட்டுக்காரி. “சீர கட்டியா வெப்பாங்க? அவுத்து வைங்க, சபையில நாலு பேரு பாக்க வாணாவா?”

மணிமொழி ஜப்பான் என்று ஆரம்பித்தாள். மேடையில் இனியாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த இவர், மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பெரியநாயகி குனிந்து முதல் பெட்டியின் முடிச்சில் ஒரு காதைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. உள்ளே இனியாவுக்கு எடுத்த பட்டுப் பாவாடை. அதைத் தூக்கிச் சபைக்குக் காட்டினாள். “பாத்தாச்சா? எங்கண்ணன் பொண்ணு ஜப்பானுக்குப் போவுது. அந்த ஊரு கட்டு இது. மீதிய வூட்ல போயி அவுத்துக்கலாம்.”

“இருபத்தொன்னுன்னு சொன்ன? ஒம்போதுதான கீது,” என்றாள் அஞ்சலாட்சி.

“மீதி வண்டில கீதுங்க,” என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்போதே அதை இழுத்துத் தைத்திருக்க வேண்டும்.

“அப்ப நாங்களும் ஆளுக்கொன்னு எட்த்தாறோம். வாங்கடி,” என்று அவள் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு சாலைக்கு நடந்தாள்.

நான் ஓடினேன். முட்டி வலியோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். என்னைத் தாண்டிக்கொண்டு பெரியநாயகி போனாள். எல்லாருக்கும் முன்னால் வண்டியை எட்டி, கைக்குக் கிடைத்த பெட்டியின் முடிச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியிருக்கிறாள். பெட்டி சட்டென்று அவள் நெஞ்சு வரைக்கும் எழும்பிவிட்டது. வெயிலில் டேப் விட்டுப்போய், உள்ளே மஞ்சள் உருண்டது. லொட், லொட்.

அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த பெட்டியின் முடிச்சில் கை வைத்து லேசாக அசைத்துப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். பின்னால் அஞ்சலாட்சியின் கொலுசுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் பெரியநாயகி காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பெரியநாயகி பெட்டியைத் தாழ இறக்கினாள். இரண்டு கையாலும் அடியில் தாங்கினாள். முதுகை வளைத்து, காலை அகட்டி வைத்து, “யப்பப்பா!” என்றாள். “இன்னா அண்ணி இது, இந்தக் கனம் கனக்குது! எங்கண்ணனுக்கு அறிவு கீதா?”

“இன்னாத்த வச்சிக்கீறாங்க, பித்தள அண்டாவா?” என்று அஞ்சலாட்சி கையை நீட்டினாள்.

“தொடாதக்கா! ஏற்கெனவே உனுக்கு இடுப்புல பெல்ட்டு. இது எம்பொறந்த வூட்டு சீரு. நான்தான் தூக்குவேன். ஒருத்தரும் கை வெக்கக் கூடாது.”

சொல்லிவிட்டு நடந்தாள். என்ன நடை அது! ஒவ்வோர் அடியாக, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. நெல் மூட்டை தூக்குகிறவர்கள்கூட இன்னும் விரசாகப் போவார்கள். மேளக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு இன்னும் ஓங்கி அடித்தார்கள். பெட்டியை மேடைக்குக் கீழே பூப்போல இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். திரும்பி வந்தாள்.

கனமான பெட்டியை இரண்டிரண்டாகத் தூக்க முடியாது இல்லையா? அதனால் ஒன்றொன்றாகத்தான் தூக்கினாள். பன்னிரண்டு பெட்டிக்குப் பன்னிரண்டு நடை. அஞ்சலாட்சி கொஞ்சநேரம் நிழலில் நின்று பார்த்தாள். மூன்றாவது நடையில், “அடேயப்பா, பலமாத்தான் செஞ்சிக்கீறான் அவங்கண்ணன்,” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் போன பிறகு நடிப்பை நிறுத்தியிருக்கலாம். மண்டபம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை. ஐந்தாவது நடையில் பெரியநாயகியின் கால் நிஜமாகவே தடுமாறியது. வைகாசி வெயில். விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். வளைத்த முதுகை வளைத்தபடியே வைத்துக்கொண்டு நூறடி நடந்து பாருங்கள், காலிப் பெட்டியா நிறைபெட்டியா என்று முதுகுக்குத் தெரியவா போகிறது?

ஆறாவது பெட்டியில் நானும் கை வைத்தேன். முடிச்சின் ஒரு காதை அவள் பிடித்தாள், இன்னொரு காதை நான் பிடித்தேன். இரண்டு பேரும் நடுவில் ஒன்றுமில்லாததைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நடந்தோம். மஞ்சள் மட்டும் உள்ளே லொட் லொட்டென்று கூடவே வந்தது.

“கரும்பு போச்சா அண்ணி?” என்றாள், வாய் அசையாமல்.

“கார்த்திகையிலயே போச்சி.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு அண்ணன். நான் வேற இருபத்தொன்னு, இருபத்தொன்னுன்னு…” மேலே பேசவில்லை. பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

ஒன்பதாவது பெட்டி வாடாமல்லி நிறம். அதைத் தூக்கும்போது அவள் துணியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “இது எங்கிட்ட இன்னொன்னு கீது அண்ணி. எல்லாமே ஜோடியாத்தான் எடுத்தேன். உங்களுக்கொன்னு, எனக்கொன்னு. ஏதாவது விசேஷத்துக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி கட்டிக்கினு போலாம்னு. நீங்க கட்டட்டும், அப்புறம் கட்டிக்கலாம்னு நானும் மடிச்சே வச்சிட்டேன்.”

ஐந்து வருஷம். ஐந்து புடவை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சபை பார்க்கும். “மன்னிச்சுக்கோம்மா,” என்றேன். அவளைவிட ஒன்பது வயசு மூத்தவள் நான். அவளிடம் இதற்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

“தூக்குங்க அண்ணி, பாக்கறாங்க,” என்றாள்.

மேடையிலிருந்து இவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று அந்த மண்டபத்தில் அவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பத்து, பதினொன்று. கடைசிப் பெட்டிக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. அவள் கையை உதறிவிட்டுக்கொண்டாள். எனக்கு முட்டி மடங்கவே மாட்டேன் என்றது. முடிச்சின் காதுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். பந்தலுக்குப் பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். அதற்குள் சபை பந்திக்கு எழுந்துவிட்டது. சுற்றிலும் ஒருவரும் இல்லை, யாருக்காகவும் நடிக்க வேண்டிய இடமில்லை. அவள் கண் இரண்டும் நிறைந்திருந்தது.

“நெசமாவே கனக்குது அண்ணி,” என்றாள்.

“தெரியும்,” என்றேன். “நான் ஒரு பக்கம் புடிச்சிக்கினுதான கீறேன். வா.”